பறப்பவனைத் தாங்குவோர்

திரைப்படத்தைப் பற்றி எழுதுவதென்றால் நம் தமிழாசிரியர்களுள் பலருக்கு இன்னும் ஒரு கூச்சம் உண்டு. அதிலும், ‘சூப்பர் ஹீரோ’ என்று உலகம் வழங்கும் அதிமானிட வீரர்களின் படங்களைப் பற்றி எழுத முனைந்தால், “பல்லாண்டுகள் இலக்கியம் கற்பித்தவருக்கு இது தேவைதானா?” என்று கேட்பார் உளர். கேட்கட்டும். நாம் சிலப்பதிகாரத்தையும் கம்பராமாயணத்தையும் விளக்கிக்கொண்டிருக்கும் அதே வகுப்பறையில், நம் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் உள்ளத்தில் வானிற் பறப்போரும் சுவரில் ஊர்வோரும் குடியிருக்கின்றனர். இதனைக் கண்டும் காணாதது போல் இருத்தல் புலமைக்கு அழகாகத் தோன்றலாம். ஆசிரியப் பணிக்கு அழகாகாது.

இத்தகைய படங்களைக் குறித்து நம்மிடையே இருவகைப் பேச்சே நிலவுகின்றது. ஒரு சாரார், “இவை சிறுபிள்ளை விளையாட்டு; இவற்றில் நடிப்பு என்று ஒன்று ஏது?” என ஒதுக்குகின்றனர். மற்றொரு சாரார், பெரும்பாலும் இளைஞர், வீரனின் தோள்வலியையும் உடையையும் பறக்கும் வேகத்தையும் பாடிக்கொண்டே இருக்கின்றனர். ஒன்றுக்கொன்று பகை போலத் தோன்றும் இவ்விரு கூட்டத்தாரும் ஒரு பிழையில் உடன்பிறந்தார் ஆவர். இருவரும் வீரன் ஒருவனையே பார்க்கின்றனர். அவனைச் சுற்றி நிற்கும் மாந்தரை இருவருமே பார்ப்பதில்லை.

அதிமானிட வீரனின் படத்தில் நடிப்பின் பெரும்பாரத்தைத் தாங்குவோர் துணை நடிகர்களே என்பதும், அவர்களைக் காணத் தவறியவர் அப்படத்தையே காணத் தவறியவர் என்பதும் என் வாதம். இந்தக் குருட்டுத்தனத்தை நாம் திரையரங்கிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் கவலையில்லை. பள்ளி மேடைக்கும் பாடவேளைக்கும் அதனைச் சுமந்து வந்துவிட்டோம் என்பதே என் முறையீடு.

துணை என்னும் சொல்

முதலில் சொல்லைச் சற்று நோக்குவோம். ‘துணை நடிகர்’ என்று சொல்லும்போது நம் குரல் தானாகவே தாழ்கின்றது. கூட்டத்தில் ஒருவர், சம்பளத்துக்கு வந்து போகிறவர், இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதை நடக்கும் என்னும் எண்ணம் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால், தமிழன் கடிதம் எழுதத் தொடங்கும்போது தாளின் தலையில் ‘முருகன் துணை’ என்று எழுதினான். வள்ளுவர் தம் நூலில் ‘வாழ்க்கைத் துணைநலம்’ என்று ஓர் அதிகாரமும் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று ஓர் அதிகாரமும் அமைத்தார். இறைவனுக்கும் இல்லாளுக்கும் சான்றோருக்கும் உரிய ஒரு சொல்லை நடிகருக்குச் சூட்டும்போது மட்டும் அது எவ்வாறு இழிந்தது? சொல்லில் குறையில்லை, சொல்லுகின்ற நம் பார்வையில்தான் குறை.

இக்குறை தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் திரைப்படக் கழகத்தார் வழங்கும் ஆஸ்கர் பரிசுகள் 1929ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டன. துணை நடிகர், நடிகையர்க்கெனத் தனிப் பரிசு ஏற்பட்டதோ 1937ஆம் ஆண்டு விழாவில்தான். அப்போதும் சிறந்த நடிகருக்குப் பொற்சிலை. துணை நடிகருக்கு ஒரு பட்டயம். துணை நடிகர் கைக்கும் முழுச்சிலை வந்து சேர 1944ஆம் ஆண்டாயிற்று. 1940ஆம் ஆண்டில் ‘கான் வித் த விண்ட்’ படத்துக்காகத் துணை நடிகைப் பரிசு பெற்ற ஹேட்டி மெக்டேனியல், கறுப்பினத்தார் என்பதற்காக அவ்விழாவிலேயே தனி மேசையில் அமர்த்தப்பட்டார். நிறவெறி அவருக்குத் தனி மேசையைத் தந்தது; அக்காலத் துணை நடிகர் அனைவருக்கும் கிடைத்த பட்டயமே அவர் கைக்கும் வந்தது. இவ்வாறு வரிசை பிரித்துப் பார்க்கும் பழக்கம் நெடுநாளையது.

வியப்பு யாரிடம் உள்ளது?

இனி, எடுத்துக்காட்டாக ஒரு படத்தைக் கொள்வோம். 1938ஆம் ஆண்டில் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர் படைத்த சூப்பர்மேன் என்னும் சித்திரக்கதை வீரனைப் பெரும்பொருட்செலவில் திரைக்குக் கொண்டுவந்த படம் 1978ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. இயக்கியவர் ரிச்சர்ட் டானர். வீரனாக நடித்தவர் அன்று பலரும் அறியாத கிறிஸ்டோபர் ரீவ். மனிதன் பறப்பதை நீங்கள் நம்புவீர்கள் என்று விளம்பரத்தில் உறுதி கூறினர். அவ்வுறுதி நிறைவேறியது. ஆயின், நம்பவைத்தது யார் என்பதே கேள்வி.

“தொழில்நுட்பமே நம்பவைத்தது” என்பர் ஒரு சாரார். உண்மைதான், அப்படத்தின் காட்சி உத்திகளுக்கு ஆஸ்கர் கழகம் தனிச் சிறப்புப் பரிசே வழங்கியது. நடிப்புக்கு ஒரு பரிந்துரைகூட வரவில்லை. ஆனால், காலம் ஒரு நல்ல நடுவர். கம்பியில் தொங்கவிட்டும், பின்னே வான்காட்சியைப் படமாக வீழ்த்தியும் எடுத்த அப்பறத்தற் காட்சிகளை இன்றைய மாணவனுக்குக் காட்டிப் பாருங்கள். கணிப்பொறி வரையும் உருவங்களைக் கண்டு பழகிய அவன், “இது பழைய தந்திரம்” என்று புன்னகைப்பான். அதே மாணவன் ஹெலிகாப்டர்க் காட்சி வரும்போது புன்னகையை மறந்துவிடுவான். ஏன்?

அக்காட்சியை நினைவுகூர்வோம். நாளிதழ் அலுவலகத்தின் உச்சி மாடியில் ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளாகி விளிம்பில் சரிந்து நிற்கின்றது. செய்தியாளர் லோயிஸ் லேன் அதிலிருந்து தொங்குகின்றாள். பிடி நழுவி விழுகின்றாள். வீரன் பறந்து வந்து நடுவானில் அவளை ஏந்திக்கொள்கின்றான். அஞ்ச வேண்டாம், உன்னைப் பிடித்துக்கொண்டேன் என்று அமைதியாகச் சொல்கின்றான். அதற்கு அவள் கேட்கும் கேள்வியில் அப்படத்தின் உயிரே இருக்கின்றது: என்னை நீர் பிடித்துக்கொண்டீர், சரி; உம்மைப் பிடித்துக்கொண்டிருப்பவர் யார்?

லோயிஸாக நடித்த மார்கோ கிட்டர் அக்கேள்வியைக் கேட்கும் முறையைக் காண வேண்டும். கண்கள் கீழே ஒருமுறை, அவன் முகத்தை ஒருமுறை, மீண்டும் கீழே ஒருமுறை செல்கின்றன. குரலில் நன்றி இல்லை; காதல் இல்லை; பகுத்தறிவுள்ள ஒரு நகரத்துப் பெண்ணின் கணக்கு தவறிப்போன திகைப்பு மட்டுமே இருக்கின்றது. நாம் சிரிக்கின்றோம், சிரித்த அந்தக் கணத்திலேயே நம்பிவிடுகின்றோம். ஏனெனில், நாம் கேட்கவிருந்த ஐயத்தை அவள் கேட்டுவிட்டாள். கம்பியும் கருவியும் ரீவின் உடலைத் தூக்கின. அவ்வுடல் பறக்கின்றது என்னும் நம்பிக்கையை நம்முள் தூக்கி நிறுத்தியது கிட்டரின் முகம்.

இதனை விளக்க மேலைநாட்டுத் திறனாய்வாளரைத் தேடிப் போக வேண்டுவதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம் அறிந்ததே. மெய்ப்பாடு எட்டனுள் மருட்கை என்பது வியப்பு. புதுமையும் பெருமையும் அதன் நிலைக்களன்களுள் அடங்கும் என்பார் ஆசிரியர். புதுமை பறப்பவனிடம் இருக்கலாம். மருட்கையோ அவனைக் காண்பவரிடத்தன்றோ தோன்றுகின்றது! சூப்பர்மேனுக்குத் தான் பறப்பதில் என்ன வியப்பு? நமக்கு நடப்பது போல அவனுக்குப் பறப்பது. அச்சமும் அவனுக்கு அரிது. அவன் உடலைத் துளைக்கும் குண்டு இல்லை. இளிவரலும் அழுகையும் அவனை எப்போதோதான் அணுகும். எட்டு மெய்ப்பாட்டுள் பெருமிதம் ஒன்றே அவனுக்கு முழுவுரிமை. எஞ்சியவற்றையெல்லாம் மெய்யிற் பட நிகழ்த்திக் காட்டும் கடமை அவனைச் சூழ்ந்தோர் தலையில் விழுகின்றது. ஆற்றலால் நிறைந்த பாத்திரம் நடிப்புக்கு வறியது. ஆற்றல் இல்லாத பாத்திரமே நடிப்புக்குச் செழித்த நிலம். இது அவ்வகைப் படங்களின் அமைப்பிலேயே உள்ள விதி.

ரீவின் திறமையை நான் குறைத்துக் கூறுவதாக எவரும் கருத வேண்டாம். லோயிஸின் இல்லத்தில், அவள் அடுத்த அறையில் இருக்கும்போது, கூனிய தோளுடன் நிற்கும் கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்து நிற்கும் சில நொடிகள் மிக உயர்ந்த நடிப்பு. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எண்ணி, துணிவின்றி மீண்டும் கூனிக்கொள்கின்றான். ஆயினும், அக்காட்சிக்கு உயிர் எங்கிருந்து வந்தது? அவள் எந்தக் கணத்திலும் திரும்பி வரக்கூடும் என்பதிலிருந்து வந்தது. கதவுக்கு அப்பால் இருக்கும் துணை நடிகைக்காகவே அந்த வீரன் நிமிர்கின்றான், அவளுக்காகவே குனிகின்றான்.

கிட்டரிடம் குறையே இல்லையா எனின், அவருக்கு வாய்த்த காட்சிகளில் குறை உண்டு. இருவரும் இரவு வானில் பறக்கும் பகுதியில், அவருடைய மனக்குரலாகச் செய்யுள் போன்ற ஒன்றை ஒலிக்கச் செய்தனர். முகம் முன்னமே சொல்லி முடித்ததை வாய் மீண்டும் சொல்ல வேண்டிய தேவை என்ன? துணை நடிகையின் முகத்தை நம்பாத படைப்பாளர் செய்த பிழை அது. 2018ஆம் ஆண்டு கிட்டர் மறைந்தார். உலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பது அந்தச் செய்யுளையன்று. நடுவானில் அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியையே.

வயல்வெளியில் ஒரு தந்தை

அடுத்து, படத்தின் முற்பகுதியில் வந்து சில நிமிடங்களில் மறைந்துவிடும் ஒருவரைக் காண்போம். வேற்றுலகிலிருந்து வந்த குழந்தையை எடுத்து வளர்க்கும் உழவர் ஜொனாதன் கென்ட். நடித்தவர் கிளென் ஃபோர்டு. இவர் ஒரு காலத்தில் தாமே கதைத்தலைவராக விளங்கியவர். 1946ஆம் ஆண்டின் ‘கில்டா’வில் நாயகர், 1955ஆம் ஆண்டின் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ படத்தில் அடங்காத மாணவரிடையே போராடும் பள்ளி ஆசிரியர். தலைமை வேடத்திலிருந்து இறங்கி வந்து சிறுவேடம் ஏற்றோம் என்னும் மனக்குறை அவர் முகத்தில் எங்கும் இல்லை.

பந்தாட்டக் குழுவில் சேர்க்கப்படாமல் இழிவுபடுத்தப்பட்ட வளர்ப்பு மகன் மனம் புழுங்கி நிற்கின்றான். தன் ஆற்றலைக் காட்டினால் என்ன தவறு என்று கேட்கின்றான். தந்தை அவன் தோளில் கை வைத்து, நீ இவ்வுலகுக்கு வந்ததற்கு ஏதோ ஒரு காரணம் உண்டு, பந்தாட்டத்தில் வெல்வது அக்காரணமாக இருக்க முடியாது என்னும் கருத்துப்படப் பேசுகின்றார். இதனை மேடைப் பேச்சாக முழங்கியிருக்கலாம். ஃபோர்டு அவ்வாறு செய்யவில்லை. அந்தக் காரணம் இன்னதென்று தமக்கும் தெரியாது என்பதை மறைக்காத ஒரு தயக்கத்தோடு பேசுகின்றார். பிள்ளையை விடச் சிறியவராகிவிட்ட தந்தையின் பணிவு அது. பின்னர் இருவரும் விளையாட்டாக ஓடத் தொடங்குகின்றனர். மகன் முன்னே பறக்கின்றான். தந்தை சில அடிகளில் நின்றுவிடுகின்றார். கையைப் பற்றிக்கொள்கின்றார். ஐயோ, இப்போதா என்பது போல மெல்லிய ஒலி ஒன்று எழுகின்றது. சாய்ந்துவிடுகின்றார்.

கதறல் இல்லை, நீண்ட வசனம் இல்லை. வலியைக் காட்டிலும், மகனைத் தனியே விட்டுப் போகிறோமே என்னும் வருத்தமே அம்முகத்தில் படிகின்றது. எல்லா ஆற்றலும் இருந்தும் அவரைக் காக்க முடியவில்லையே என்று மகன் அடக்கத்தின்போது அரற்றுகின்றான். இப்படத்தின் அறம் முழுதும் அவ்வரற்றலில் அடங்கியுள்ளது. கதையின் முடிவில், இறந்துவிட்ட லோயிஸை மீட்க அவன் காலத்தையே பின்னோக்கிச் சுழற்றும் வெறிக்கு வித்து இங்கேதான் விழுகின்றது. ஃபோர்டின் சாவு நம் நெஞ்சில் தைக்காமற் போயிருந்தால், அம்முடிவு வெறும் மாயவித்தையாகியிருக்கும். தாயாக வரும் ஃபிலிஸ் தாக்ஸ்டர், கோதுமை வயலில் மகனுக்கு விடை கொடுக்கும்போது ஒரு நாள் இது வருமென்று அறிந்திருந்தேன் என்கிறார். அவ்வளவே. அவர் அழுதிருந்தால் நாம் ஆறுதலடைந்திருப்போம். அழாததால் நாம் அழுகின்றோம்.

அதே பகுதியில் நெஞ்சை உறுத்தும் மற்றொரு செய்தியும் உண்டு. இளம் பருவத்துக் கிளார்க்காக நடித்தவர் ஜெஃப் ஈஸ்ட் என்னும் இளைஞர். தந்தையின் எதிரே நின்று கண் கலங்கியவர் அவர், ஓடியவர் அவர், வயலில் தாயை அணைத்தவர் அவர். ஆனால், திரையில் நாம் கேட்பது அவர் குரலன்று. கிறிஸ்டோபர் ரீவின் குரலை அவருடைய வாய்க்குப் பொருத்திவிட்டனர். இருவரும் ஒருவரே என்று காட்டுவதற்காகச் செய்தனர் என்று காரணம் கூறலாம். காரணம் எதுவாயினும், துணை நடிகரின் உடலை வைத்துக்கொண்டு குரலை எடுத்துத் தலைவனுக்குக் கொடுத்துவிட்ட செயலாகவே எனக்கு அது படுகின்றது. அந்த இளைஞரின் உடல் மட்டுமே பேசி அக்காட்சிகளை நிறுத்தியிருக்கின்றதெனில், அவர் பெருமை இருமடங்காகின்றதன்றோ?

பகைவன் பக்கத்திலும்

பகைவனின் பக்கம் போவோம். லெக்ஸ் லூதராக வரும் ஜீன் ஹேக்மன் அதற்கு முன்பே ‘த ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பெற்றவர். அவர் இப்பாத்திரத்தை விளையாட்டாகச் செய்தார் என்று குறை கூறுவோர் உளர். தன் அறிவின் மீது தானே காதல் கொண்ட ஒருவன் எவ்வாறு பேசுவான் என்பதை அவர் அளந்தே செய்தார் என்பேன். அத்தற்பெருமைக்கு அளவுகோலாக அருகில் நிற்பவர் நெட் பெட்டி. மந்தபுத்தியுள்ள ஏவலாளன் ஓட்டிஸ். அவனைக் கண்டு நகைப்பது எளிது. தலைவனின் பாராட்டு ஒன்றுக்காக ஏங்கும் அவன் கண்களைக் கண்டு இரங்குவதற்கே பழகிய கண் வேண்டும்.

இவர்களுடன் இருப்பவள் டெஷ்மாக்கர். நடித்தவர் வலேரி பெர்ரின். அழகுக்காகச் சேர்க்கப்பட்ட பாத்திரம் என்றே பலரும் தள்ளிவிடுவர். கதையை எண்ணிப் பாருங்கள். கிரிப்டோனைட் என்னும் கல்லைச் சங்கிலியில் கோத்து வீரனின் கழுத்தில் மாட்டி நீரில் தள்ளிவிட்டான் லூதர். உலகையே தூக்க வல்லவனால் ஒரு சங்கிலியைக் கழற்ற முடியவில்லை. அச்சங்கிலியைக் கழற்றுபவள் அவள். லூதர் ஏவிய ஏவுகணைகளுள் ஒன்று தன் தாய் வாழும் ஊர் நோக்கிச் செல்வதை அறிந்த அவள், முதலில் என் தாயைக் காப்பாற்று என்று வாக்குப் பெற்றுக்கொண்டு அவனை விடுவிக்கின்றாள். அவன் வாக்கை நிறைவேற்றச் சென்றதால்தான் மற்ற ஏவுகணையைத் தடுக்க இயலாமற் போகின்றது, லோயிஸ் மடிகின்றாள், கதை உச்சம் அடைகின்றது. ஆக, காப்பவனைக் காத்ததும், கதையைத் திருப்பியதும் நாம் பெயர்கூட நினைவில் வைக்காத ஒருத்தி. அச்சமும் தாயன்பும் தன் மீதே கொண்ட வெறுப்பும் கலந்த அந்தச் சிறு பொழுதைப் பெர்ரின் பொய்யின்றிச் செய்யவில்லையெனில், இக்கதை அங்கேயே மூழ்கியிருக்கும்.

கூலியும் மதிப்பும்

இங்கு ஒருவர் எழுந்து கேட்கலாம்: “துணை நடிகரை உலகம் மதிக்கவில்லை என்கிறீரே, இதே படத்தில் வீரனின் தந்தையாகச் சில நிமிடங்கள் வந்த மார்லன் பிராண்டோவுக்கு 37 இலட்சம் டாலர் கொடுத்தனரே, பெயர்ப்பட்டியலில் அவர் முதலிடத்திலும் ஹேக்மன் இரண்டாமிடத்திலும் வர, வீரனாக நடித்த ரீவின் பெயர் படத்தலைப்புக்குப் பின்னரன்றோ வந்தது?” என்று. நல்ல கேள்வி. ஆனால், அது என் வாதத்தையே உறுதி செய்கின்றது. பிராண்டோவின் புகழுக்குக் கொடுத்த விலை அது. புகழ் என்னும் அளவுகோலால் அளந்தால் ரீவும் சிறியவரே. ஃபோர்டு அவரினும் சிறியவர். தாக்ஸ்டரின் பெயரை எவரும் கேட்கப் போவதில்லை. சந்தைக்கு அந்த அளவுகோல் போதும். இலக்கியம் கற்றவர்க்கும் அதுவே போதுமா? பிராண்டோ வருகையில் அரங்கம் நிமிர்கின்றது. ஃபோர்டு சாய்கையில் அரங்கம் அமைதியாகின்றது. இவ்விரண்டனுள் நடிப்பு எதில் மிகுதி என்று கேட்கத் தெரிந்தவனே சுவைஞன்.

காலம் மாறிவிட்டது என்பாரும் உளர். 2008ஆம் ஆண்டு வெளிவந்த ‘த டார்க் நைட்’ படத்தில் ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர், படம் வெளிவருமுன்னரே அவ்வாண்டு சனவரியில் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அளிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால், அப்படத்தின் இறுதியை நினைத்துப் பாருங்கள். செய்யாத குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு வீரன் இருளில் ஓடுகின்றான். காவல் அதிகாரி கோர்டனின் சிறு மகன், அவர் ஏன் ஓடுகின்றார் என்று கேட்கின்றான். கோர்டனாக நடித்த கேரி ஓல்டுமன் தளர்ந்த குரலில் விடை சொல்கின்றார். அந்த வீரன் யார் என்பதை நமக்கு அறுதியிட்டுச் சொல்பவர் அவர்தாம். உரத்த துணை வேடத்துக்குப் பரிசு கிடைத்தது; அமைதியான துணை வேடத்தை இன்னும் நாம் கண்டுகொள்ளவில்லை.

நம் தமிழ்த்திரைக்கும் இது பொருந்தும். 1965ஆம் ஆண்டின் ‘திருவிளையாடல்’ படத்தில் சிவபெருமானே கதைத்தலைவர். நடித்தவரோ சிவாஜி கணேசன். அதற்கு மேல் ஒரு தலைவன் ஏது? ஆயினும், அப்படத்தை நினைத்தவுடன் நம் இதழில் முறுவலைக் கொண்டுவருபவர், வறுமையில் வாடிக் கோயிலில் தனியே புலம்பும் தருமியாகிய நாகேஷ் அல்லவா? இறைவனின் அருள் பெரிது என்பதை அந்த ஏழைப் புலவனின் பசி காட்டியதால்தான் நாம் உணர்ந்தோம்.

வாயிலோன்

இறுதியாக, என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இக்கட்டுரை பிறந்ததே அதனால்தான்.

பல ஆண்டுகளுக்கு முன், தோட்டப்புறத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பரிசளிப்பு விழாவுக்காகச் சிலப்பதிகார வழக்குரை காதையை நாடகமாக்கினேன். நன்கு பேசும் மாணவிக்குக் கண்ணகி. உயரமான மாணவனுக்குப் பாண்டியன். பிறகு, எஞ்சியிருந்த ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு வாயிலோன் வேடத்தைக் கொடுத்தேன். அதிகம் பேசாத பையன். இரண்டு நாள் கழித்து ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான்.

“ஐயா, கண்ணகியப் பாத்ததும் நான் பயப்படணுமா, இல்ல கோவப்படணுமா?” என்று கேட்டான்.

வேலை மிகுந்த நேரம். “நீ வாயிற்காவலன். வேலைப் பிடித்துக்கொண்டு நேராக நில். அது போதும்,” என்றேன். “சரிங்க ஐயா,” என்று போய்விட்டான். பின்னர், நேரம் போதவில்லை என்று அவனுக்கிருந்த வசனத்தையும் நானே வெட்டினேன்.

விழா நாளன்று தலைவிரி கோலமாய், கையில் சிலம்புடன் கண்ணகி மேடையேறினாள். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டனர். பெற்றோர் சிலரும் சிரித்தனர். அம்மாணவி தடுமாறினாள், காட்சி கெட்டது. அன்று முழுதும் நான் அவளையே குறை கூறினேன்.

நெடுங்காலம் கழித்து, பேரப்பிள்ளையோடு வீட்டில் அமர்ந்து பழைய சூப்பர்மேன் படத்தை மீண்டும் பார்த்தபோதுதான், ஹெலிகாப்டர்க் காட்சியில் எனக்கு உறைத்தது. இளங்கோவடிகள் கண்ணகியை நேரே அரசன் முன் கொண்டுவந்து நிறுத்தவில்லை. முதலில் வாயிலோன் அவளைக் காண்கின்றான், நடுங்குகின்றான், ஓடிச்சென்று, கொற்றவையோ காளியோ என்று ஐயுறத்தக்க ஒருத்தி, ஆனால் அவர்களுள் எவரும் அல்லள், கணவனை இழந்தவள், கையில் ஒற்றைச் சிலம்புடன் வாயிலில் நிற்கின்றாள் என்னும் பொருள்பட உரைக்கின்றான். மானிடப் பெண் அதிமானிட ஆற்றலாக மாறிவிட்டதை நமக்கு அறிவிப்பது அந்தப் பெயரற்ற காவலனின் அச்சம். அந்த அச்சத்தை நான் வெட்டி எறிந்தேன். அச்சம் இல்லாத மேடையில் ஏறிய கண்ணகி, தலைவிரித்த ஒரு சிறுமியாகவே தெரிந்தாள். அவள் என்ன செய்வாள்?

அந்த நாடகத்தில் நடிப்பைப் பற்றி ஒரு நல்ல கேள்வி கேட்டவன் அந்தப் பையன் ஒருவனே. அவனோ நான் சொன்னபடியே வேலைப் பிடித்துக்கொண்டு இறுதி வரை நேராக நின்றான். அதன் பிறகு அவனை எந்த நாடகத்திலும் நான் சேர்த்ததாக நினைவில்லை.

தமிழாசிரியப் பெருமக்களே! ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் நாடகம் போடுகின்றோம். தலைமை வேடத்துக்குப் போட்டி நடத்துகின்றோம். எஞ்சிய வேடங்களை எஞ்சிய பிள்ளைகளுக்குப் பங்கிடுகின்றோம். ஒரு கண்ணகிக்காக இருபது பிள்ளைகளைச் சுவராக்கி நிறுத்துகின்றோம். தாம் சுவர் என்றே அப்பிள்ளைகள் நம்பி வளர்வாராயின், அப்பழியில் நமக்கும் பங்குண்டு. அடுத்த நாடகத்துக்கு ஒத்திகையை வாயிலோனிடமிருந்து தொடங்குங்கள். அவன் அஞ்சக் கற்ற பிறகு கண்ணகியை மேடையேற்றுங்கள். வேறுபாட்டை அவையோரின் அமைதியே சொல்லும்.

மாணவர்களே! உங்களுக்குப் பிடித்த வீரனின் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பாருங்கள். ஆனால், ஒரே ஒருமுறை, அவன் பறக்கும்போது அவனைப் பார்க்காமல், அவனை அண்ணாந்து பார்ப்பவரின் முகத்தைப் பாருங்கள். லோயிஸ் லேன் நடுவானில் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். அவனைத் தாங்கிக்கொண்டிருப்பவர் யார் என்பதற்கு விடை அந்த முகத்தில் இருக்கும். விடை கிடைத்ததும் படம் முடிந்து ஓடும் பெயர்ப்பட்டியலில் அந்த நடிகரின் பெயரைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது ஆண்டு வகுப்பறையில் இருந்த நான் செய்யத் தவறியது அது.